மூலிகை மாத்திரையும் திரும்பி வந்த உதிரப்போக்கும்

கேள்வி: எனக்கு 51 வயது. மாதவிலக்கு நின்று 14 மாதம் ஆகிறது. பகலில் நாலைந்து தடவை நெஞ்சிலிருந்து முகம்வரை திடீரென்று சூடு ஏறி, வியர்த்துக் கொட்டுகிறது. ராத்திரியில் நைட்டி நனைந்து, எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். தைராய்டு மாத்திரை 75 மைக்ரோகிராம் பல வருடமாக எடுக்கிறேன். ஹார்மோன் மாத்திரை என்றாலே பயம். என் தங்கைக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து டாமாக்ஸிஃபென் சாப்பிடுகிறாள். அமெரிக்காவில் இருக்கும் என் மகள் அங்கே கடையில் விற்கும் மூலிகை கேப்ஸ்யூல் வாங்கி அனுப்பினாள். தினம் இரண்டு வீதம் இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். சூடு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா சதாவரி லேகியமும் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறார். எல்லாம் மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது அல்லவா? தங்கைக்கும் இதே சூட்டுத் தொல்லை இருக்கிறது. அவளுக்கும் ஒரு பாட்டில் கொடுக்கலாமா? போன வாரம் இரண்டு நாள் லேசாக உதிரம் பட்டது. ‘மருந்து வேலை செய்கிறது அம்மா, ஹார்மோன் திரும்பி வருகிறது’ என்கிறாள் மகள். லேபிளில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

— திருச்சி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கடைசியாக, போகிற போக்கில் சொன்ன விஷயத்துக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மாதவிலக்கு முழுதாக 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அதை மாதவிலக்கு திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து வேலை செய்வதற்கான அடையாளமும் அல்ல. காரணம் தெரியும்வரை அது பரிசோதிக்க வேண்டிய உதிரப்போக்கு, அவ்வளவுதான். கேப்ஸ்யூலை இன்றே நிறுத்துங்கள். பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த வாரத்துக்குள் மகளிர் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள், போகும்போது பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இப்படி உதிரம் பட்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் சாதாரணமானதுதான்: பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்து கருப்பையின் உட்சுவரோ பிறப்புறுப்பின் சருமமோ மெலிந்து வறண்டுபோயிருக்கும், இல்லையென்றால் பாலிப் என்ற சின்ன சதை வளர்ச்சி இருக்கும். ஆனால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பேருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கிறது. அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இந்த உதிரப்போக்கு இருக்கிறது. சீக்கிரம் பிடித்துவிட்டால் கருப்பையை எடுத்ததோடு குணமாகிவிடும் வாய்ப்பு மிக அதிகம். இவ்வளவு வெளிப்படையாக எச்சரிக்கை தரும் புற்றுநோய்கள் அதிகம் இல்லை. அந்த எச்சரிக்கையை ‘ஹார்மோன் திரும்புகிறது’ என்று சந்தோஷமாக வாசித்துவிடுவதில்தான் எனக்குக் கவலை.

டாக்டர் என்ன செய்வார்? உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் உட்சுவரின் தடிமனை அளப்பார். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். அதற்கு மேலே இருந்தாலோ, உதிரம் மறுபடி பட்டாலோ, மெல்லிய குழாய் ஒன்றை விட்டு உட்சுவரிலிருந்து கொஞ்சம் திசு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார். சில நிமிட வேலை. மாதவிலக்கு வலி போல அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், பிறகு வீட்டுக்கு வந்துவிடலாம். இதற்கிடையில் யாராவது ‘அசோகப் பட்டைக் கஷாயம் வை, உதிரம் நின்றுவிடும்’ என்று சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். உதிரம் நின்றாலும் காரணம் உள்ளேயே இருக்கும். போதாததற்கு, கடைகளில் அசோகப் பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டை கலந்து வருவது பல ஆண்டுகளாகத் தெரிந்த சங்கதி.

சரி, இப்போது பாட்டிலுக்கு வருவோம். லேபிளை அப்படியே எழுதி அனுப்பியதற்கு நன்றி. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ‘பச்சை மூடி போட்ட பாட்டில் டாக்டர்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

முதல் வரி: ரெட் குளோவர் எக்ஸ்ட்ராக்ட் 500 மில்லிகிராம், அதில் 8 சதவீதம் ஐசோஃப்ளேவோன் (ஈஸ்ட்ரோஜனைப் போன்ற தாவரப் பொருள்). அதாவது ஒரு கேப்ஸ்யூலில் 40 மில்லிகிராம், நீங்கள் எடுக்கும் இரண்டில் 80. இரண்டாவது வரி: ‘ப்ரொப்ரைட்டரி பிளெண்ட் 350 மில்லிகிராம்’, அதாவது கம்பெனியின் சொந்தக் கலவை. அதன் கீழே பிளாக் கோஹோஷ், டாங் குவாய், லிகோரைஸ், சதாவரி என்று நான்கு பெயர். எது எவ்வளவு என்று இல்லை. கம்பெனிக்கு அது ரகசியமாம்! கடைசியில் பொடி எழுத்தில், இந்தக் கூற்றுகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மதிப்பிடவில்லை, இது எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானது அல்ல என்று ஒரு வாசகம். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் இந்த வகைப் பொருளை விற்பதற்கு முன் அது பலன் தருகிறது, பாதுகாப்பானது என்று அரசிடம் நிரூபித்து அனுமதி வாங்க வேண்டியதில்லை. மகள் வாங்கிய கடை நல்ல கடையாகவே இருக்கலாம். ஆனால் அந்த அலமாரிக்கும் மருந்துக் கடை அலமாரிக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

இதில் நிஜமாகவே ஈஸ்ட்ரோஜன் வேலை பார்ப்பது முதல் வரிதான். ரெட் குளோவர் என்பது குளிர்நாடுகளில் மாட்டுக்குப் போடும் தீவனப் பயிர், நம் அவரை, பயறு குடும்பம். அதில் ஃபார்மோனோனெட்டின், பயோகானின் ஏ என்று இரண்டு பொருள் இருக்கிறது. உடலுக்குள் போனதும் முதலாவது டெய்ட்ஸீனாகவும் இரண்டாவது ஜெனிஸ்டீனாகவும் மாறுகின்றன. சோயாவில் இருப்பதும் இவைதான். இவற்றின் உருவ அமைப்பு பெண் உடலில் சுரக்கும் முக்கிய ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ரடையாலைப் போல இருப்பதால், அது செல்களில் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. வலு என்று பார்த்தால் எஸ்ட்ரடையாலின் நூற்றில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான். ஆனால் கேப்ஸ்யூலாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் இவை இருக்கும் அளவு எஸ்ட்ரடையாலைவிடப் பல நூறு மடங்கு ஏறிவிடும். அதனால் ‘ரொம்ப வலுக்குறைவு, ஒன்றும் செய்யாது’ என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை உண்டு. பீட்டா வகை இருப்பதே 1996இல்தான் தெரியவந்தது. கருப்பையில் ஆல்ஃபா அதிகம். ஜெனிஸ்டீன் பீட்டாவிடம்தான் அதிகம் ஒட்டுகிறது. ‘மூலிகை ஈஸ்ட்ரோஜன் கருப்பையைத் தொடாது’ என்று விற்கிறவர்கள் சொல்வதற்கு அடிப்படை இதுதான். பாதி உண்மை. அதிகம் ஒட்டுகிறது என்றால் மற்றதைத் தொடவே தொடாது என்று பொருள் இல்லை.

இந்தப் பொருள்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை உலகம் முதலில் ஆடுகளிடம்தான் பார்த்தது. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வகைக் குளோவர் மண்டிய மேய்ச்சல் நிலங்களில் செம்மறி ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. கருப்பை வெளியே தள்ளியது. குட்டி போடாத ஆடுகளுக்கும், காயடித்த கிடாக்களுக்கும்கூட மடி சுரந்தது. 1946இல் கால்நடை மருத்துவர்கள் அதை எழுதி வெளியிட்டார்கள். காரணம், உங்கள் பாட்டிலில் இருக்கும் அதே ஃபார்மோனோனெட்டின். ஆட்டின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை ஈக்வால் என்ற இன்னும் வலுவான பொருளாக மாற்றிவிட்டிருந்தன. நாம் நாள் முழுவதும் குளோவர் மேய்வதில்லை, அந்த அளவுக்கு நமக்கு நடக்காது. ஆனால் நம் குடலிலும் அதே வேலையைச் செய்யும் கிருமிகள் சிலருக்கு உண்டு: மேலைநாட்டவரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, ஜப்பானியரில் பாதிப் பேருக்கு மேல். ஒரே கேப்ஸ்யூலை ஒருவர் ‘அற்புதம்’ என்பதற்கும் இன்னொருவர் ‘தண்டச் செலவு’ என்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஹார்மோன் சிகிச்சையில் மருத்துவ உலகம் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பாடமும் இங்கே வருகிறது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்தார்கள். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் அதனால் பல மடங்கு கூடுகிறது என்று 1975இல் வந்த ஆய்வுகள் காட்டின. அதற்குப் பிறகு, கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் உட்சுவரைக் காக்கப் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துக் கொடுப்பது கட்டாயமானது. உங்கள் பாட்டிலில் அந்தக் காவல் இல்லை. ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்கிறது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அப்படியானால் கருப்பையைப் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அங்கே ஒன்றும் செய்யாது, சூட்டை மட்டும் தணிக்கும் என்றால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் லாபம் மட்டும் பேசுவது வியாபாரம்.

இருக்கும் ஆதாரம் என்ன? தினம் 150 மில்லிகிராம் சோயா ஐசோஃப்ளேவோனை ஐந்து ஆண்டு கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு 2004இல் வந்தது. சில பெண்களுக்கு உட்சுவர் தடித்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. யாருக்கும் புற்றுநோய் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, மாதவிலக்கு நின்ற ஆரோக்கியமான பெண்களுக்கு இரண்டரை ஆண்டு வரைக்கும் கருப்பையில் கெடுதல் தெரியவில்லை என்றது. நீங்கள் சாப்பிட்டது இரண்டு மாதம், 80 மில்லிகிராம். அதனால் உங்கள் உதிரப்போக்குக்கு இந்தக் கேப்ஸ்யூல்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அது தற்செயலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால்தான் கேப்ஸ்யூல் மேல் பழி போட்டுவிட்டு ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

சூடு குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். இருக்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பு இதைப் பற்றிய 43 ஆய்வுகளை அலசியது. ஜெனிஸ்டீன் மட்டும் செறிவாக உள்ள மாத்திரைகளுக்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம், மற்றபடி உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை என்று முடித்தது. அதில் சுவாரசியமான ஒன்று: வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கே சூடு சில ஆய்வுகளில் 59 சதவீதம் வரை குறைந்திருந்தது. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கமும் 2023இல் வெளியிட்ட பரிந்துரையில் மூலிகை, சோயா மாத்திரைகளைச் சூட்டுக்குப் பரிந்துரைக்கவில்லை.

பாட்டிலில் மீதி நான்கு பெயர். பிளாக் கோஹோஷ் வட அமெரிக்கச் செடி. அதை ஈஸ்ட்ரோஜன் மூலிகை என்று விற்றாலும் அது அப்படி வேலை செய்வதாக இப்போது கருதப்படுவதில்லை. கல்லீரல் பாதிப்பு பற்றிய புகார்கள் வந்ததால் ஆஸ்திரேலியாவில் அதன் லேபிளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். டாங் குவாய் சீன வேர். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. லிகோரைஸ் வேறொன்றும் இல்லை, நம் அதிமதுரம். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வதில் தப்பில்லை. வாரக்கணக்கில் தினமும் உள்ளே போனால் அதிலுள்ள கிளைசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பி.பி.யை ஏற்றும். ஐரோப்பாவில் கிளைசிரைசினுக்கு ஒரு நாள் வரம்பு 100 மில்லிகிராம். உங்கள் பாட்டிலில் அது எவ்வளவு என்றே போடவில்லை. பி.பி.யை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சதாவரி, நம் தண்ணீர்விட்டான் கிழங்கு. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் தாய்ப்பாலுக்கும் பெண்கள் உடல்நலத்துக்கும் நெடுநாளாகப் புழக்கத்தில் இருப்பது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. அதன் சாப்போனின்கள் ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்வது எலிகளிடம் காணப்பட்டிருக்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்கள் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் கருப்பைக்கும் மார்பகத்துக்கும் என்ன ஆகும் என்று பெரிய அளவில் யாரும் பார்த்ததில்லை. ஏற்கெனவே கேப்ஸ்யூலில் சதாவரி இருக்கிறது, அதன் மேல் லேகியம் என்றால் இரட்டிப்பாகிறது. லேகியத்தில் பாதிக்கு மேல் சர்க்கரை என்பது தனிக்கதை. பக்கத்து வீட்டு அக்காவின் அக்கறைக்கு நன்றி சொல்லிவிட்டு, உதிரத்துக்குக் காரணம் தெரியும்வரை லேகியத்தைத் தள்ளிவையுங்கள். பிறகும் வேண்டும் என்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போய்க் கேளுங்கள். தெருமுனைக் கடையில் டப்பாவாக வாங்காதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அடுப்படியைச் சந்தேகப்பட வேண்டாம். மீல்மேக்கர் குழம்பு, சோயா பால், எள்ளுருண்டை, இட்லிப்பொடியில் போடும் ஆளி விதை எல்லாவற்றிலும் இந்த வகைப் பொருள்கள் உண்டு. ஒரு டம்ளர் சோயா பாலில் சுமார் 25 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன் இருக்கும். ஜப்பானில் தலைமுறை தலைமுறையாகத் தினம் 25 முதல் 50 மில்லிகிராம் உணவிலேயே போகிறது. தாராளமாகச் சாப்பிடுங்கள். வெந்தயத்தில் ஹார்மோன் இருக்கிறது என்றும் சொல்வார்கள். அதிலுள்ள டையோஸ்ஜெனினிலிருந்து புரோஜெஸ்டிரோன் செய்ய முடியும்தான். 1940களில் மெக்சிகோவில் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து எடுத்த அதே பொருளை வைத்துச் செய்தார்கள், ஆனால் ஆய்வுக்கூடத்தில், பல ரசாயனப் படிகளைத் தாண்டி. நம் உடலுக்கு அந்த வித்தை தெரியாது.

சோயா விஷயத்தில் உங்களுக்கு ஒரே கட்டுப்பாடு தைராய்டு மாத்திரைதான். அது உடலில் சேர்வதைச் சோயா தடுக்கும். வெறும் வயிற்றில் மாத்திரை, சோயாவோ கால்சியம், இரும்பு மாத்திரையோ நான்கு மணி நேரம் கழித்து. அப்புறம் ஒன்று, தைராய்டு மாத்திரையின் அளவு கொஞ்சம் கூடிப்போனாலும் வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை வரும், மெனோபாஸ் சூட்டைப் போலவே இருக்கும். கடைசியாக டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. ஸ்கேனுக்குப் போகும் அன்றே அதற்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் சூட்டுக்கு என்ன வழி? ஹார்மோன் பயம் பெரும்பாலும் 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டபோது வந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் வகை மருந்து) சேர்த்து எடுத்தவர்களில் மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக வந்தது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள், சூடு தாங்க முடியாதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை இன்றைக்கும் மிக நல்ல பலன் தரும் வழி. தங்கைக்குப் புற்றுநோய் வந்தது என்பதால் உங்களுக்குக் கதவு தானாக மூடிவிடாது, ஆனால் மாமோகிராம் எடுத்து, உங்கள் அபாயத்தைக் கணக்குப் போட்ட பிறகே பேச வேண்டிய விஷயம். வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் வழி இருக்கிறது: குறைந்த அளவு வென்லாஃபாக்ஸின் (மனச்சோர்வு மருந்து), இரவு வியர்வைக்கு கபாபென்டின் (வலிப்பு மருந்து), சூட்டைச் சமாளிக்கப் பழக்கும் உளவியல் பயிற்சி. எடை கூடுதலாக இருந்தால் நாலைந்து கிலோ குறைவதும் உதவும். இவற்றுக்கெல்லாம் மேலே சொன்ன பாட்டிலைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் உதிரத்துக்குக் காரணம் தெரியாமல் யாரும் உங்களுக்கு ஹார்மோன் ஆரம்பிக்கக் கூடாது.

இனி தங்கை. அவருக்குக் கண்டிப்பாக இந்தப் பாட்டில் வேண்டாம். டாமாக்ஸிஃபென் செய்யும் வேலை, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பது மாதிரி: மார்பகச் செல்லின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் உட்கார்ந்து, ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் இல்லாமல் செய்கிறது. அதே இடத்துக்குப் போட்டி போடும் பொருளைச் செறிவாக உள்ளே அனுப்புவதில் அர்த்தமே இல்லை. மனிதப் புற்றுச் செல்கள் வைத்த சுண்டெலிகளில், டாமாக்ஸிஃபெனின் பலனை ஜெனிஸ்டீன் குறைத்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சாப்பாட்டுச் சோயா வேறு கதை. ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வந்தது. சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன, டாமாக்ஸிஃபென் எடுத்தவர்களிடமும்தான். ஆகவே வாரம் இரண்டு தடவை மீல்மேக்கர் சாப்பிட்டால் அவரைத் திட்டாதீர்கள்.

அவருடைய சூடு டாமாக்ஸிஃபெனாலேயே வந்திருக்கலாம். அதற்காக அவராகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, புற்றுநோய் மருத்துவரிடம் சொன்னால் வென்லாஃபாக்ஸின் போல ஏதாவது தருவார். மனச்சோர்வு மருந்துகளிலேயே பராக்ஸெடின், ஃப்ளூயாக்ஸெடின் இரண்டும் அவருக்கு ஆகாது. டாமாக்ஸிஃபெனைக் கல்லீரல் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவதை அவை தடுக்கும். டாமாக்ஸிஃபென் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கக்கூடியது என்பதால் அவருக்கும் வழக்கத்துக்கு மாறாக உதிரம் பட்டால் உடனே காட்ட வேண்டும். 43 வயதிலேயே வந்திருப்பதால் குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கடத்தும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றத்துக்கான சோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். சோதனையை அவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். அவருக்கு மாற்றம் இருந்தால் உங்களுக்கும், உங்கள் மகளுக்கும் பார்க்க வேண்டியிருக்கும்.

டாக்டரிடம் போகும்போது கடைசி மாதவிலக்குத் தேதி, இந்த இரண்டு நாள் உதிரம் பட்ட தேதி, கேப்ஸ்யூல் ஆரம்பித்த தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மூலிகை சாப்பிட்டேன் என்று சொன்னால் திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். ஸ்கேனில் உட்சுவர் எத்தனை மில்லிமீட்டர், டி.எஸ்.எச். எவ்வளவு என்பதை எனக்கு எழுதினால், சூட்டுக்கு எந்த மருந்து என்பதை அப்போது குறிப்பாகச் சொல்கிறேன்.